கொடிக்குச் சிமெண்டு, குழந்தைக்கு மண்ணா?

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உங்களுக்குத் தெரியாததல்ல. 1964 இல் உருவான பேட்டை. நம்மவர் பல்லாயிரம் பேர் வியர்வை சிந்தி வளர்த்த பேட்டை. அங்கே ஒரு பட்டறைக்குப் புது லேத்து எந்திரம் வந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். என்ன செய்கிறார்கள்? வண்டியிலிருந்து இறக்கி, வெறும் மண்ணிலே நிறுத்திவிடுகிறார்களா? இல்லை! தரையைத் தோண்டுகிறார்கள். ஜல்லி கொட்டுகிறார்கள். காங்கிரீட்டு போடுகிறார்கள். அது இறுகும்வரை தண்ணீர் ஊற்றிக் காத்திருக்கிறார்கள். ரசமட்டம் வைத்துப் பார்க்கிறார்கள். அதற்குப் பிறகுதான் எந்திரம் தன் இடத்தில் ஏறி அமர்கிறது. ஏன் இத்தனை சீராட்டு? புழுதி பட்டால் பேரிங் கெடும். தளம் அசைந்தால் அளவு பிசகும். போட்ட முதல் போய்விடும். முதலாளிக்கு அது தெரியும்.

அந்த எந்திரத்தை ஓட்டுகிற தோழன் மாலையிலே வீடு திரும்புகிறான். ஆவடியைத் தாண்டியோ, பூந்தமல்லியைத் தாண்டியோ, ஏரிக்கரை ஓரத்துச் சிற்றூரிலே அவன் குடிசை. உள்ளே, பிறந்து பத்து நாள் ஆன பிள்ளை. எதன் மேல் படுத்திருக்கிறது? பழைய புடவை, புடவைக்குக் கீழே கோரைப்பாய், பாய்க்குக் கீழே மண்!

எந்திரத்துக்குக் காங்கிரீட்டு. எந்திரத்தை ஓட்டுகிறவன் மகனுக்கு மண். இந்தக் கணக்கைத்தான் இன்று பேசப்போகிறோம்.

"தரையைப் பற்றியா எழுதுகிறீர்கள்? நாட்டிலே எழுதுவதற்கு வேறு பொருளே இல்லையா?" என்று சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். 1847 ஆம் ஆண்டில், வியன்னா நகரத்து மருத்துவமனையிலே செம்மல்வைஸ் என்ற மருத்துவர், "பிரசவம் பார்க்கும் முன் கையைக் கழுவுங்கள், தாய்மார்கள் சாகமாட்டார்கள்" என்று சொன்னார். சுண்ணாம்புக் குளோரினிலே கை கழுவச் செய்தார். சாவு சரசரவென்று குறைந்தது. ஆனால் படித்த மேதைகள் பலர் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். "எங்கள் கையா அழுக்கு?" என்று சீறினார்கள். சிரித்தவர்களை இன்று யாருக்கும் நினைவில்லை. கை கழுவுவதோ உலகத்து வழக்கமாகிவிட்டது. சின்னஞ்சிறு செய்தி என்று தள்ளப்படுவதிலேதான் ஏழையின் உயிர் ஊசலாடுகிறது, தோழர்களே!

நம் நாட்டிலேயே பாருங்கள். பிறந்த குழந்தை மூன்று நாள் நன்றாகப் பால் குடிக்கும். பிறகு ஒரு நாள் வாயைத் திறக்க முடியாது. தாடை இறுகும். உடல் வில்லாக வளையும். பதினான்காம் நாளுக்குள்ளே போய்விடும். தோஷம் என்றார்கள். செய்வினை என்றார்கள். காத்து, கருப்பு என்றார்கள். வேப்பிலை அடித்தார்கள், தாயத்துக் கட்டினார்கள். எல்லாம் கட்டியும் குழந்தை நிற்கவில்லை.

அது தோஷமும் அல்ல, காத்தும் அல்ல. அதன் பெயர் ரணஜன்னி. அந்தக் கிருமியின் வித்து மண்ணிலே இருக்கிறது, மாட்டுச் சாணத்திலே இருக்கிறது. கழுவாத கத்தியால் தொப்புள்கொடியை அறுத்து, அந்தப் புண்ணிலே சாணமும் சாம்பலும் வைத்தார்களே, அந்த வழியாகத்தான் அது குழந்தைக்குள் புகுந்தது. கிருமியைக் கொல்லும் என்று சொல்லி வைத்த சாணமே கிருமியைக் கொண்டுவந்தது!

அறிவு வந்தது, தடுப்பூசி வந்தது, சுத்தமான கத்தி வந்தது, மருத்துவமனைப் பிரசவம் வந்தது. 2015 இல், பிறந்த குழந்தைகளைத் தாக்கும் ரணஜன்னியை இந்தியா ஒழித்த நிலையை எட்டிவிட்டது என்று அறிவிக்கப்பட்டது. தாயத்து செய்யாததை ஊசி செய்தது.

தமிழகத்தின் நிலை இன்னும் பெருமைக்குரியது. 2019–21 இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இங்கே 100 பிரசவங்களில் 99க்கும் மேல் மருத்துவமனையிலே நடந்தன. 2020 இல் ஆயிரம் குழந்தை பிறந்தால் ஓராண்டுக்குள் இறந்தவை இந்தியா முழுவதற்கும் 28, தமிழகத்தில் 13. நம் செவிலியரும் மருத்துவரும் உழைத்த உழைப்பின் பலன் அது. மறுப்பார் இல்லை.

ஆனால், தோழர்களே, மூன்றாம் நாள் என்ன நடக்கிறது?

மூன்றாம் நாள் தாயும் சேயும் வீடு திரும்புகிறார்கள். மருத்துவமனையில் பிள்ளை இருந்த அறையின் தரையைக் காலையும் மாலையும் மருந்து போட்டுத் துடைத்தார்கள். செருப்பை வாசலிலே விடச் சொன்னார்கள். அங்கிருந்து நேராக மண் தரைக்கு வருகிறது பிள்ளை. அரசின் கை மருத்துவமனை வாசலோடு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் பிள்ளையை வரவேற்பது ஓதம் ஏறிய மண்!

அந்த மண்ணிலே என்ன இருக்கிறது? கண்ணுக்குத் தெரியாத ஓர் உலகமே இருக்கிறது. கொல்லையிலிருந்து காலோடு வருகிறது மண், கோழி கொண்டுவருகிறது, நாய் கொண்டுவருகிறது. அதனோடு புழுவின் முட்டையும் வருகிறது. உருண்டைப் புழு ஒன்று ஒரு நாளைக்கு இரண்டு லட்சம் முட்டை வரை இடும். அந்த முட்டை மலத்தோடு வெளியே வந்ததும் தீங்கு செய்யாது. ஈரமும் நிழலும் உள்ள மண்ணிலே சில வாரம் கிடந்து முற்ற வேண்டும். குடிசையின் மண் தரையைவிட அதற்கு நல்ல தொட்டில் எங்கே கிடைக்கும்? வெயில் படாது, ஈரம் வற்றாது. நம் பிள்ளைக்குத் தொட்டில் இல்லாத வீட்டிலே புழுவுக்குத் தொட்டில்!

கொக்கிப் புழு இன்னும் கொடியது. அதை யாரும் விழுங்க வேண்டியதில்லை. ஈர மண்ணிலே பொரித்த அதன் குஞ்சு வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. குடலிலே போய்க் கவ்விக்கொள்கிறது. துளித்துளியாக இரத்தம் குடிக்கிறது. யாருடைய இரத்தம்? கருவுற்ற நம் தங்கையின் இரத்தம்! சோகை பிடித்த தாய்க்கு எடை குறைந்த பிள்ளை பிறக்க வாய்ப்பு மிகுதி. எடை குறைந்து பிறந்த பிள்ளைக்கு எந்த நோயும் எளிதாக வந்து ஒட்டும். ஆகவே, பிள்ளை பிறந்த பிறகு மட்டுமல்ல, பிறப்பதற்கு முன்பே அந்த வீட்டின் தரை அதன் உடலோடு கணக்குத் தொடங்கிவிடுகிறது.

"மாத்திரை கொடுக்கிறோமே!" என்பார்கள். உண்மை. 2015 முதல் குடற்புழு நீக்க நாள் என்று வைத்து, அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் யாருக்கு? ஒரு வயது முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு. ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்கு அந்த மாத்திரை கிடையாது. கொடுக்கவும் கூடாது. தவழுகிற வயது, கையில் அகப்பட்டதை எல்லாம் வாயில் வைக்கிற வயது! அந்த வயதுக்கு மருந்து இல்லை. தரை ஒன்றுதான் காப்பு. மாத்திரை விழுங்கிய அண்ணனும் அக்காளும்கூட அதே தரையிலேதான் அன்றிரவு படுக்கிறார்கள். ஓட்டைப் பானையில் தண்ணீர் மொண்டு ஊற்றுகிற கதைதான்!

அதே தேசியக் குடும்பநல ஆய்வு இன்னொன்றையும் சொல்லுகிறது. ஐந்து வயதுக்குட்பட்ட தமிழ்க் குழந்தைகளில் 100க்கு 57 பேர் இரத்தசோகை உள்ளவர்கள். அதற்கு முந்தைய ஆய்விலே 51 ஆக இருந்தது, குறையவில்லை, கூடியிருக்கிறது. இதற்கெல்லாம் தரை ஒன்றே காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. உணவு ஒரு காரணம். தாயின் சோகை ஒரு காரணம். ஆனால், பிள்ளையின் இரத்தத்தை உறிஞ்சுகிற வழிகளிலே ஒன்று காலடியிலே இருக்கிறது என்கிறோம். அதை அடைக்க முடியும் என்கிறோம்.

முடியுமா? முடியும் என்று காட்டிய நாடு ஒன்று உண்டு.

மெக்சிகோ நாட்டிலே கோவவிலா என்றொரு மாநிலம். 2000 ஆம் ஆண்டில் அங்கே ஒரு திட்டம் தொடங்கினார்கள். "பீசோ ஃபிர்மே" என்று பெயர். உறுதியான தரை என்று பொருள். மண் தரை உள்ள ஏழை வீடுகளுக்குக் கலவை வண்டியை அனுப்பினார்கள். வீட்டுக்காரர் தட்டுமுட்டுச் சாமான்களை வெளியே எடுத்துவைத்துக் காத்திருப்பார். வண்டி வந்து கலவையைக் கொட்டும். குடும்பத்தார் இறங்கிப் பரப்புவார்கள். 50 சதுர மீட்டர் வரை சிமெண்டுத் தரை. ஒரு வீட்டுக்கு ஆன செலவு ஏறத்தாழ 150 டாலர். கூரையை மாற்றவில்லை, சுவரை இடிக்கவில்லை, தரையை மட்டும் மாற்றினார்கள்.

பலன் என்ன? அறிஞர்கள் 2005 இல் போய் ஆராய்ந்தார்கள். கோவவிலாவின் எல்லையில் உள்ள நகரம் தொர்ரெயோன். எல்லைக்கு அந்தப் பக்கம் துராங்கோ மாநிலத்தின் கோமெஸ் பலாசியோ, லெர்தோ என்ற நகரங்கள். ஒட்டிப் பிறந்த ஊர்கள். ஒரே காற்று, ஒரே வெயில், ஒரே வகை ஏழை. இந்தப் பக்கத்து ஏழைக்குத் தரை கிடைத்தது, அந்தப் பக்கத்து ஏழைக்குக் கிடைக்கவில்லை. நம் திருமழிசையையும் பூந்தமல்லியையும் ஒரு கோடு போட்டுப் பிரித்ததுபோல! இரு பக்கத்துப் பிள்ளைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மண் தரை முழுவதும் சிமெண்டுத் தரையாக மாறிய வீட்டிலே, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் குடற்புழு 78 விழுக்காடு குறைவு. வயிற்றுப்போக்கு 49 விழுக்காடு குறைவு. சோகை 81 விழுக்காடு குறைவு. பிள்ளைகளின் சொல்லறிவும் புரிதலும் உயர்ந்தன. தாய்மாரின் மனச்சோர்வும் குறைந்தது.

ஏன் குறையாது, தோழர்களே? மண் தரையை மெழுகுகிற வேலை யாருடையது? சாணம் பொறுக்கி, கரைத்து, குனிந்து, குத்துக்காலிட்டு, மூலைக்கு மூலை மெழுகுகிறாளே, நிறைமாதத்திலும் மெழுகுகிறாளே, அவளுடைய இடுப்பைக் கேட்டுப் பாருங்கள், சொல்லும்!

இன்னொரு பாடமும் உண்டு. வங்காளதேசத்திலும் கென்யாவிலும் பெரிய ஆய்வுகள் நடந்தன. 2018 இல் முடிவு வந்தது. சிற்றூர்களிலே தண்ணீரைச் சுத்தம் செய்ய வழி செய்தார்கள், கழிப்பறை கட்டிக்கொடுத்தார்கள், கை கழுவச் சொல்லிக்கொடுத்தார்கள். அவற்றால் மட்டும் பிள்ளைகளின் வளர்ச்சி கூடவில்லை. கழிப்பறை வேண்டாம் என்பதா இதற்குப் பொருள்? இல்லை. கழிப்பறை கட்டியும் வீட்டுக்குள் மண் இருக்கிறதே, கோழி இருக்கிறதே, கிருமி இருக்கிறதே என்பதுதான் பொருள். அதே இரு நாட்டு வீடுகளைப் பார்த்தபோது, சிமெண்டுத் தரை உள்ள வீட்டுப் பிள்ளைகளிடம் புழுத்தொற்று குறைவாக இருந்தது தெரிந்தது. பிறகு வங்காளதேசத்திலே, கருவுற்ற பெண்களின் வீடுகளிலே சிமெண்டுத் தரை போட்டு, பிறக்கும் பிள்ளையைத் தொடர்ந்து பார்க்கிற ஆய்வைத் தொடங்கினார்கள். உலகம் எந்தத் திசையில் சிந்திக்கிறது என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெக்சிகோவும் வங்காளமும் இருக்கட்டும். நம் திருவள்ளூர் மாவட்டத்துக்கு வருவோம்.

பூந்தமல்லியிலிருந்து மேற்கே போகப் போகச் செங்கல் சூளைகள். சென்னையின் மாடிகளுக்கெல்லாம் செங்கல் அறுத்துக் கொடுக்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் பலர். இருளர் குடும்பங்கள் பல. பகலெல்லாம் மண் குழைத்துக் கல் அறுக்கிறார்கள். இரவு எங்கே படுக்கிறார்கள்? கல்லை அடுக்கி, மேலே தகரம் போட்ட, நிமிர்ந்தால் தலை இடிக்கிற கூண்டிலே, மண் தரையிலே! வெளிமாநிலத் தொழிலாளருக்குத் தக்க தங்குமிடம் தரவேண்டும் என்று 1979 ஆம் ஆண்டுச் சட்டமே எழுதிவைத்தது. எழுதியது ஏட்டிலே, படுத்தது மண்ணிலே! நெய்தவனுக்குக் கந்தல் என்பார்கள். கல் அறுத்தவன் மகனுக்கு ஒரு கல் தரை இல்லை.

ஆவடிக்கு வருவோம். 1955 சனவரியில் அங்கேதான் காங்கிரசு மாநாடு கூடி, சோசலிச பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டது. 1965 இல் அதே ஆவடியிலே "விஜயந்தா" டாங்கி உருவாகி வெளியே வந்தது. தீர்மானத்துக்கு மேடை கிடைத்தது. டாங்கிக்குத் தளம் கிடைத்தது. ஏரிக்கரைக் குடிசைப் பிள்ளைக்கு என்ன கிடைத்தது? 2023 டிசம்பர் புயல் மழையிலே அம்பத்தூரும் ஆவடியும் பூந்தமல்லியும் தண்ணீரில் மிதந்தனவே, நினைவிருக்கிறதா? தெருத் தண்ணீரும் சாக்கடைத் தண்ணீரும் கலந்து வீட்டுக்குள் வந்தது. சிமெண்டுத் தரை வீட்டுக்காரர் தண்ணீர் வடிந்ததும் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவினார். மண் தரைக்காரர் எதைக் கழுவுவார்? மண்ணைக் கழுவ முடியுமா? சாக்கடையைக் குடித்த தரை, அதை வாரக்கணக்கில் வயிற்றிலே வைத்துக்கொண்டிருந்தது.

"வீடே கட்டித் தருகிறோமே, தரை எதற்குத் தனியாக?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2010 இல் 21 லட்சம் குடிசைகளைக் காங்கிரீட்டு வீடாக்கும் திட்டம் தொடங்கியது. 2011 இல் ஆட்சி மாறியது; பசுமை வீடு என்ற வேறு திட்டம் வந்தது. 2024 இல், 2030க்குள் ஊரகத்திலே 8 லட்சம் வீடுகள் என்று கலைஞரின் கனவு இல்லத் திட்டம் அறிவிக்கப்பட்டது; முதல் ஆண்டுக்கு ஒரு லட்சம் வீடுகள், வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். எல்லாம் வேண்டிய திட்டங்கள்தாம். குடிசை போக வேண்டும். கோட்டையாக வேண்டாம், வீடாக வேண்டும்.

ஆனால், வீட்டுக்கு வரிசை உண்டு. வரிசையிலே ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டும். பட்டா கேட்பார்கள். பட்டா இல்லாதவன், புறம்போக்கிலே இருப்பவன், சூளைக் கொட்டகையிலே இருப்பவன் வரிசையிலேயே இல்லை. வயிற்றிலே இருக்கிற பிள்ளை வரிசையில் நிற்குமா? அதற்குத் தெரிந்த கணக்கு 280 நாள். ஆட்சி மாறினாலும், பட்டியல் மாறினாலும், அது தன் நாளில் பிறந்துவிடும். மூன்றாம் நாள் அந்தத் தரையிலே வந்து படுத்துவிடும். வீடு வரும்போது வரட்டும். தரை பிள்ளைக்கு முன்னே வந்தாக வேண்டும்!

எந்த வீட்டிலே பிள்ளை பிறக்கப்போகிறது என்று அரசுக்குத் தெரியாதா? தெரியும்! கருவுற்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் கிராம சுகாதாரச் செவிலியர் பிக்மி எண் வாங்கித் தருகிறார். பெயர் இருக்கிறது, முகவரி இருக்கிறது, பிள்ளை பிறக்கும் நாள் இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் பெயரிலே மகப்பேறு உதவி இருக்கிறது. 2006 இல் 6,000 ரூபாய் ஆக்கினார்கள், பிறகு 12,000, 2018 இல் 18,000. இவ்வளவும் செய்தவர்களை நாம் கேட்பது ஒன்றே ஒன்று: அந்தப் பதிவேட்டிலே இன்னும் ஒரு கட்டம் போடுங்கள். "வீட்டுத் தரை என்ன?" என்று கேளுங்கள். மண் என்று பதில் வந்தால், ஏழாம் மாதத்துக்குள் அந்த அறைக்குச் சிமெண்டுத் தரை போடுங்கள். ஊர் கூட்டிச் சமுதாய வளைகாப்பு நடத்துகிறீர்கள், மகிழ்ச்சி. வளையல் போடும் முன் தரை போடுங்கள்! பட்டா கேட்காதீர்கள். தரை போட்டதாலே நிலம் பறிபோகாது. சூளைக்காரரிடம் சட்டத்தைக் காட்டிப் போடவையுங்கள்.

என்ன பெரிய செலவு? பத்துக்குப் பத்து அறை. மண்ணை நிரவித் திமிசு போட்டு, மூன்று அங்குலம் ஜல்லிக் கலவை, மேலே ஒரு பூச்சு. ஏழெட்டு மூட்டை சிமெண்டு. ஒரு கொத்தனார், ஒரு சித்தாள், இரண்டு நாள் வேலை. ஒரு வாரம் தண்ணீர் கட்டினால் போதும்.

தோழர்களே! அரசைக் கேட்டாயிற்று. இனி நம்மை நாமே கேட்போம்.

இந்தப் பகுதியிலே தெருமுனைதோறும் நாம் கொடிமேடை கட்டியிருக்கிறோம். சிமெண்டு வாங்கினோம், கொத்தனாரை அழைத்தோம், பூசினோம், வண்ணம் அடித்தோம், பெயர் பொறித்தோம். கொடி மண்ணிலே நிற்கக்கூடாது என்று நமக்குத் தோன்றியது. தவறில்லை. ஆனால், அந்தக் கொடிமேடைக்கு நாலு வீடு தள்ளி, கொடி ஏற்றிய தோழனின் பிள்ளையே மண்ணிலே கிடந்ததே, அது நம் கண்ணில் பட்டதா? கொடி எதற்காகப் பறக்கிறது? அந்தப் பிள்ளைக்காக அல்லவா!

ஆகவே சொல்லுகிறோம்: கிளைக்கு ஒரு தரை. நம்மிலே கொத்தனார் இல்லையா? கம்பி கட்டுகிறவர் இல்லையா? மணல் வண்டி ஓட்டுகிறவர் இல்லையா? ஊருக்கெல்லாம் தரை போட்டவர்கள் நாம்தாமே! ஞாயிற்றுக்கிழமை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவிலே, உங்கள் சிற்றூரிலே, கருவுற்ற தங்கை ஒருத்தியின் வீட்டைத் தேர்ந்தெடுங்கள். அவள் எந்தச் சாதி என்று கேட்காதீர்கள். அவள் புருஷன் எந்தக் கட்சி என்றும் கேட்காதீர்கள். தரையிலே யார் பெயரும் பொறிக்க வேண்டாம். வரவு செலவை மட்டும் ஒரு நோட்டிலே எழுதி வையுங்கள். பத்து வீடு முடிந்ததும் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு ஊராட்சிக்குப் போங்கள். "எங்கள் கையால் இவ்வளவு முடிந்தது, உங்கள் கையால் ஏன் முடியாது?" என்று கேளுங்கள். ஆயிரம் தீர்மானம் பேசாததை அந்த ஒரு நோட்டு பேசும்.

எந்திரம் கெடும் என்று தளம் போட்டவர் முதலாளி. தன் முதலை அவர் காத்துக்கொண்டார். நம் முதல் எது, தோழர்களே? பாயிலே கை கால் உதைத்துக்கொண்டு கிடக்கிறதே, அதுதான் நம் முதல். அதைக் காக்க நமக்கு ஏழெட்டு மூட்டை சிமெண்டு கிடைக்காதா? கிடைக்கும். கொடிக்குக் கிடைத்தது. குழந்தைக்கும் கிடைத்தே தீர வேண்டும்!